காமதேனுவைப் படம்பிடிக்கப் போனேன்

எங்கள் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பசுமாடு இருக்கிறது. சிங்கப்பூரில் இல்லை, ஏற்காட்டில். இங்கே எங்கள் அடுக்குமாடியில் நாய்க்குட்டியை மின்தூக்கியில் ஏற்றினாலே பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், மாட்டை எங்கே கட்டுவது? ஆகவே சேர்வராயன் மலையில், செம்மநத்தத்தில், ஆரோக்கியமேரி என்ற பெண்மணியின் வீட்டில் கட்டியிருக்கிறோம். சரியாகச் சொன்னால், அவருக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறோம். கொடுத்த பிறகும் எங்கள் மாடு என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

ஆரோக்கியமேரியின் கணவர் சூசை, எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து மிளகு பறிக்கும்போது விழுந்து முதுகை உடைத்துக்கொண்டவர். நடப்பார், உட்காருவார், ஏணி ஏற மாட்டார். இந்தச் செய்தி எங்கள் உறுப்பினர் ஒருவரின் அண்ணி மூலம் சங்கத்துக்கு வந்தது. என்ன கொடுக்கலாம் என்று கூட்டம் போட்டோம். தையல் இயந்திரம் என்றார் ஒருவர். தையல் இயந்திரம் படத்தில் எடுபடாது என்றார் தலைவர். மாடு முடிவானது. அதற்குப் பெயர் வைக்க இன்னொரு கூட்டம் நடந்தது, அதில் கைகலப்பு மட்டும்தான் நடக்கவில்லை. கிறிஸ்தவ வீட்டுக்குப் போகும் மாட்டுக்குக் 'காமதேனு' என்று பெயர் சூட்டிவிட்டு எல்லோரும் கைதட்டினோம்.

நிபந்தனைகளும் போட்டோம். மாட்டை விற்கக் கூடாது, இரவல் கொடுக்கக் கூடாது, வேறு வீட்டில் கட்டக் கூடாது. மீறினால் மாட்டைத் திரும்பப் பெற்று, உண்மையான அக்கறை உள்ள வேறு குடும்பத்துக்குக் கொடுப்போம். இதை எழுதிய மூவரில் நானும் ஒருத்தி. எங்கள் மூவரில் ஒருவராவது மாட்டைத் தொட்டதுண்டா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

இதுவரை இரண்டு படங்கள் வந்திருக்கின்றன. செம்பழுப்பு மாடு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பக்கத்தில் ஆரோக்கியமேரி விறைப்பாக நிற்கிறார். இரண்டும் சங்க அலுவலகச் சுவரில் தொங்குகின்றன. இந்த முறை சங்கத்தின் ஆண்டு மலருக்கு அட்டைப்படம் வேண்டும், அதில் காமதேனுவுக்குப் பின்னால் சங்கத்தின் பேனர் இருக்க வேண்டும், பேனரில் தலைவர் இருக்க வேண்டும். சேலத்தில் என் சித்தப்பா மகள் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போவது தெரிந்ததும், பொறுப்பு என் தலையில் விழுந்தது. படத்தோடு ஒரு பயணக் கட்டுரையும் கேட்டார்கள். இதுதான் அது.

கல்யாணத்தைப் பற்றி எழுதினால் உறவு முறியும், ஆகவே மறுநாளிலிருந்து தொடங்குகிறேன். சேலத்தில் தட்டுவடை செட் என்று ஒன்று விற்கிறார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவல், காரச் சட்னி, எல்லாவற்றையும் வைத்து அப்படியே வாயில் போட வேண்டும். கடித்துத் தின்பது சிங்கப்பூர் நாகரிகம். கடித்தேன், பாதி வாய்க்குள் போனது, பாதி கல்யாணப் பட்டுப் புடவையில் விழுந்தது. கடைக்காரர் அடுத்த செட்டை வைத்துவிட்டு, ஒரு துண்டுத் தாளையும் நீட்டினார்.

மலை பஸ்ஸில் பேனர் ஒரு தனிப் பயணி. ஆறடி நீளத்துக்குச் சுருட்டிய பிளாஸ்டிக் துணி. நிறுத்தினால் கூரை இடித்தது, படுக்க வைத்தால் நாலு பேர் காலை இடித்தது. கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு எந்தக் கட்சி என்று கேட்டார். கட்சி இல்லை, மாடு என்றேன். அவர் அதற்கு மேல் என்னிடம் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எண்ணும் என் வயிற்றுக்கு விடுத்த எச்சரிக்கை. முன் இருக்கை அம்மாள் ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இன்னொன்றைத் திரும்பிப் பார்க்காமலே என்னிடம் நீட்டினார். என் மூச்சை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் ஊர் ரயிலில் பக்கத்தில் ஒருவர் மயங்கி விழுந்தாலும் முதலில் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு நன்றி சொல்வதற்குள் அவர் கூடையோடு இறங்கிவிட்டார்.

ஏற்காட்டில் ஏரியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். அன்னப்பறவை வடிவப் படகுகளில் தேனிலவு ஜோடிகள் மிதித்துக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளைகள் மட்டும் மிதித்தார்கள் என்பதே சரி. மிளகாய் பஜ்ஜி சுடச்சுடக் கிடைத்தது. டிசம்பர் குளிர் எலும்பைத் தொட்டது. விடுதியில் வெந்நீர் காலையில் மட்டும் வருமாம். எந்தக் காலையில் என்று கேட்டதற்கு, வரும்போது சொல்கிறேன் என்றார் விடுதிப் பையர், அறுபது வயது இருக்கும் அவருக்கு.

இரண்டாம் நாள் பழனி என்பவருடைய ஜீப்பில் செம்மநத்தம் கிளம்பினேன். பழனி ஸ்டீயரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒவ்வொரு எஸ்டேட்டாகக் காட்டிக்கொண்டு வந்தார். சாலை ஒரு ஜீப்பின் அகலம்தான் இருந்தது. எதிரே வண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவங்க பின்னாடி போவாங்க, இல்லைன்னா நாம போவோம் என்றார். அதைத் தீர்மானிக்கும் விதி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒரு திருப்பத்தில் எதிரே வந்தது வண்டி இல்லை, காட்டெருமை. காப்பிச் செடிகளை விலக்கிக்கொண்டு வந்து சாலை நடுவே நின்றது. பழனி எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அது எங்களைப் பார்த்தது, பிறகு சாலையைப் பார்த்தது, மறுபடி எங்களைப் பார்த்தது. எங்கள் செயற்குழு ஒரு தீர்மானத்துக்கு முன்னால் இப்படித்தான் நிற்கும். கடைசியில் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது, அதிலும் செயற்குழு மாதிரியேதான்.

ஜீப் நின்ற இடத்திலிருந்து ஆரோக்கியமேரி வீட்டுக்கு ஏற வேண்டும். சரிவில் ஒட்டவைத்த வீடு. கூரையில் காகித நட்சத்திரம், உள்ளே மஞ்சள் பல்பு, கிறிஸ்துமஸுக்குத் தயாராக இருந்தது. ஆரோக்கியமேரிக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அன்றைக்குக் காப்பிப் பழம் பறிக்கும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, படங்களில் கட்டியிருந்த அதே நீலப் புடவையைக் கட்டியிருந்தார். சூசை நாற்காலியில் அமர்ந்தபடியே கும்பிட்டார், எழ முயன்று பாதியில் விட்டுவிட்டார்.

"ஏனுங்கம்மா, நொம்ப தூரத்துல இருந்து வாறீங்க. மொதல்ல காப்பி குடிங்க" என்றார் ஆரோக்கியமேரி.

வந்தது வரக்காப்பி. கறுப்பாக, வெல்லம் போட்டு, மணமாக இருந்தது. இரண்டு மடக்கு குடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பால் மாடு கொடுத்த வீட்டில் பாலில்லாத காப்பி. பாலெல்லாம் காலையிலேயே பால் வேனுக்கு ஊற்றிவிட்டோம் என்றார், நான் கேட்பதற்கு முன்பே. சரி, மாடு எங்கே என்றேன். மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்றார். எப்போது வரும் என்றேன். நாளைக்கு என்றார். சூசைக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது.

நகரத்துக்காரிக்கு எல்லாமே சாத்தியம்தான். மாடுகள் மேய்ச்சலுக்குப் போன இடத்தில் இரவு தங்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சங்கம் பணம் அனுப்பிக் கட்டிய கொட்டகையைப் பார்க்கப் போனேன். உள்ளே தரைக்கு மேலே மரச்சட்டம் அடித்துப் பரண் போட்டிருந்தார்கள், பரண் மேல் ஆடுகள் நின்று என்னைப் பார்த்தன. ஒரு குட்டி என் துப்பட்டாவின் நுனியைத் தின்னத் தொடங்கியது. மாட்டுக் கொட்டகையில் மாட்டு வாசமே இல்லை, ஆட்டு வாசம் மட்டும் மூக்கைத் துளைத்தது. இதெல்லாம் யாருடைய ஆடு என்று கேட்டதற்குச் சூசை, நம்மளுதுதானுங்க என்று சொல்லிவிட்டு, ஏதோ தப்பாகச் சொன்னவர் போல மனைவியைப் பார்த்தார்.

மதியம் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். களியை மென்று தின்னக் கூடாது, குழம்பில் தொட்டு விழுங்க வேண்டும். நான் மென்றேன். அது பல்லில் ஒட்டிக்கொண்டு, அடுத்த பத்து நிமிடத்துக்கு என்னைப் பேச விடவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு என்னால் ஏற்பட்ட ஒரே நன்மை அதுதான் என்று பிறகு புரிந்தது.

திரும்பும் வழியில், மாட்டைப் பார்க்க முடியவில்லை என்று பழனியிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "செவலை மாடுங்களா? அது கீழ ஓடைக்கிட்ட குப்பாயக்கா ஊட்லயல்லங்க நிக்குது. வந்த மொத வருசமே வாரத்துக்கு உட்டுட்டாங்க."

வாரம் என்றால் என்ன என்று அவரே விளக்கினார். ஒருவருக்கு மாடு இருக்கும், பார்த்துக்கொள்ள வழி இருக்காது. இன்னொருவருக்கு வழி இருக்கும், மாடு இருக்காது. இவர் மாட்டை அவர் வீட்டில் விடுவார். பால் வளர்ப்பவருக்கு. கன்று, ஒரு ஈற்று மாட்டுக்காரருக்கு, அடுத்த ஈற்று வளர்ப்பவருக்கு. பேச்சுதான், எழுத்து எதுவும் கிடையாது. மலை முழுக்க இப்படித்தான் பாதி மாடுகள் நிற்கின்றன என்றார் பழனி, எனக்கு இது தெரியாததில் ஆச்சரியப்பட்டு.

எனக்குக் கோபம் வந்தது. உள்ளபடி சொல்கிறேன், நல்ல கோபம். இரவல் கூடாது, வேறு வீட்டில் கட்டக் கூடாது என்று நாங்கள் எழுதிய வரிகள் கண் முன்னால் ஓடின. நீலப் புடவை, தலைக்குக் குளியல், மேய்ச்சல் கதை, எல்லாம் எனக்காகப் போட்ட நாடகம். விடுதிக்கு வந்ததும் தலைவரின் செய்தி காத்திருந்தது: காமதேனு நலமா? 'காமதேனு வேறு வீட்டில் இருக்கிறது' என்று தட்டினேன். அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்திலேயே மாட்டைத் திரும்பப் பெறத் தீர்மானம் வரும், எல்லோரும் கை தூக்குவார்கள், நானும் தூக்குவேன். ஆரோக்கியமேரி மாட்டை இழப்பார். நேரில் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று அந்த வரியை அழித்தேன். கருணையால் இல்லை, நேரில் சண்டை போடும் ஆசையால்.

மூன்றாம் நாள் பழனிக்கு வேறு சவாரி இருந்தது. பேனரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். தூறல், பனிமூட்டம். வழியில் சில்வர் ஓக் தடி ஏற்றிய லாரி ஒன்று திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே போய் பீடி பற்ற வைத்தார். பயணிகள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை, சிலர் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எங்கள் ஊரில் ரயில் சற்றுத் தாமதித்தாலே ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள், அப்போதும் நாங்கள் புகார் எழுதுவோம். நான் இறங்கி, எஸ்டேட் வழியாகக் குறுக்குப் பாதை இருப்பதாக ஒரு அம்மாள் காட்டிய திசையில் நடந்தேன்.

அந்தப் பாதை எஸ்டேட்டின் காப்பிக் களத்தில் போய் முடிந்தது. காப்பிப் பழம் காயவைக்கும் பெரிய சிமெண்டுத் தரை. தூறலுக்காகக் காப்பியையெல்லாம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். களத்தின் ஓரத்தில் சிலர் குனிந்து நின்றார்கள். நடுவே ஒரு செம்பழுப்பு மாடு பக்கவாட்டில் படுத்திருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இரண்டு படங்களில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டேன். வயிறு மட்டும் படத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது.

நீலப் புடவை முழங்கால் வரை சேறாக, ஆரோக்கியமேரி மாட்டின் தலையை மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப் போனது. மாட்டின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வலது முன்கையில் முழங்கை வரை பச்சை குத்தியிருந்தது. அந்தக் கையை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். எங்கே என்று உடனே பிடிபட்டது. சங்கத்துச் சுவரில் தொங்கும் இரண்டாவது படத்தின் ஓரத்தில், மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரியும். பச்சை குத்திய கை. அந்தப் படத்துக்குக் கீழேதான் ஒவ்வொரு கூட்டத்திலும் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம். அது யாருடைய கை என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அவள்தான் குப்பாயி. நடந்தது இதுதான். நான் படம் எடுக்க வருகிறேன் என்பதற்காக, ஓடைக்கரையிலிருந்து மாட்டை மேலே ஆரோக்கியமேரி வீட்டுக்கு ஓட்டி வந்திருக்கிறார்கள். நிறைமாச மாடு. ஜீப் பாதை சுற்று என்று படிக்கட்டுப் பாதையில் ஏற்றியிருக்கிறார்கள். ஈரக் கல்லில் வழுக்கி முன்னங்கால் மடிந்து விழுந்தது, எழுந்தது, களம் வரை வந்தது, படுத்தது, பனிக்குடம் உடைந்தது. இன்னும் சில நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்த கன்று இப்போதே வரப் பார்க்கிறது. விழுந்த மாடு கன்று போட்ட பிறகு எழவில்லை என்றால் அத்தோடு முடிந்தது என்று, எஸ்டேட் கணக்கைப் பார்க்கும் ரைட்டர் என் காதில் சொன்னார். களத்தில் மாடு கிடப்பதை மேனேஜர் பார்த்தால் என்ன ஆகும் என்ற கவலையையும் சேர்த்தே சொன்னார்.

கால்நடை மருத்துவரை ரைட்டர்தான் அழைத்துக்கொண்டிருந்தார். அவர் மாரமங்கலம் பக்கம் வேறொரு மாட்டைப் பார்க்கப் போயிருந்தார், வருகிறேன் என்றார், பனியில் எப்போது வருவாரோ. தூறல் மழையானது. மாட்டின் உடம்பு நடுங்கியது. ஒரு தார்ப்பாய் கொடுங்கள் என்று ஆரோக்கியமேரி கேட்டார். எல்லாம் காப்பி மேல் கிடக்கிறது, காப்பி நனைந்தால் என் வேலை போகும் என்றார் ரைட்டர். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

அப்போதுதான் குப்பாயி முதன்முறையாக என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை, என் தோளில் இருந்ததைப் பார்த்தாள்.

"அதென்ன சுருட்டி வெச்சிருக்கீங்க? தண்ணி எறங்குமா?"

இறங்காது என்றேன். பேனரைப் பிரித்தோம். நான்கு மூலைக்கு நான்கு பேர்: நான், ரைட்டர், காப்பிப் பழம் பறிக்க வந்த இரண்டு பெண்கள். மாட்டுக்கு மேலே பந்தல் பிடித்தோம். தலைவர் கூப்பிய கைகளோடும் புன்னகையோடும் கீழ்நோக்கி இருந்தார். காமதேனு பிரசவிப்பதை அவ்வளவு அருகில் பார்க்கும் பேறு அவருக்குத்தான் கிடைத்தது. மழைநீர் மேலே தேங்கித் தலைவரின் முகம் தொப்பை போலத் தொங்கத் தொடங்கியபோது, ரைட்டர் அடியிலிருந்து அவர் மூக்கை ஒரு கம்பால் குத்தித் தண்ணீரைச் சரித்துவிட்டார். பழம் பறிக்கும் பெண்களில் ஒருத்தி, இவரு யாருங்க, மந்திரியா என்று கேட்டாள். மாடு கொடுத்தவர் என்றேன். நல்லா இருக்கட்டும் என்றாள், கை வலியோடு.

நான் ஏழு கடல் தாண்டி வந்தது ஒரு படம் எடுக்க. கைப்பேசி என் பையில், இரண்டு கையும் பேனரில். இனி அந்த மூலையை விட்டால் மாட்டின் முகத்தில் தண்ணீர் கொட்டும். விடவில்லை.

மாட்டின் கழுத்தைத் தடவியபடி, என்னை நிமிர்ந்து பார்க்காமலே ஆரோக்கியமேரி பேசினார். "நெறமாசத்துல மேட்டுல ஏத்த வேண்டாம்னு குப்பாயி சொன்னாளுங்க. நாந்தான் கேக்கல. மாடு ஊட்ல இல்லீன்னா திருப்பி எடுத்துக்குவீங்கன்னு பயம். தப்பு எம்மேலதானுங்க, அவ மேல இல்ல."

குப்பாயி வெடுக்கென்று குறுக்கே புகுந்தாள். படிக்கட்டில் ஏற்றியது தான்தான் என்றும், மழை பிடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று குறுக்கு வழி பார்த்த புத்தி தன்னுடையது என்றும், இதில் யார் புத்தி பெரிய புத்தி என்று பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். இருவரும் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். முந்தின நாள் மாலை பொங்கிய கோபம் எங்கே போனதென்று தேடினாலும் கிடைக்கவில்லை.

ஏன் வாரத்துக்கு விட்டீர்கள் என்று கேட்டேன். இந்த முறை சண்டைக்காகக் கேட்கவில்லை. ஆரோக்கியமேரி சொன்னதன் சுருக்கம் இது. அந்த மாடு ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர், அவர்கள் இருவருக்கும் சேர்த்து ஆவதைவிட அதிகம். குழாய் கீழே இருக்கிறது, சூசையால் குடம் தூக்க முடியாது. தண்ணீர் சுமந்தால் எஸ்டேட் வேலைக்குப் போக முடியவில்லை, வேலைக்குப் போனால் மாடு காய்ந்தது. பால் வேன் மேலே வராது, பாலை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் வேன் போய்விடும். மாடு வந்த பிறகுதான் அந்த வீட்டில் முதன்முதலாக மூன்று வேளை இரண்டு வேளையானது. குப்பாயிக்கு ஓடையும் புல்லும் வாசலில் வேனும் இருந்தன, மாடு இல்லை. பேசி, மாட்டை அங்கே விட்டார்கள். முதல் ஈற்றில் பிறந்த கடேரி, அதாவது பெண் கன்று, ஆரோக்கியமேரிக்கு வந்தது, அதை விற்றுத்தான் ஆடுகள் வாங்கினார். ஆடு தழை தின்னும், குடம் குடமாகத் தண்ணீர் கேட்காது, சூசை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வார்.

"செய்தி சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"மாடு நல்லா இருக்குதான்னுதானுங்க கேட்டாங்க" என்றார் ஆரோக்கியமேரி. "நாங்க எப்பிடி இருக்கோம்னு கேக்கலீங்களே."

அப்போது கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே வந்தன, அவற்றின் மேல் மூக்கு. குப்பாயி மாடு முக்கும்போது மட்டும் இழுத்தாள், அது ஓயும்போது தானும் ஓய்ந்தாள். ஒரு கட்டத்தில் எல்லாம் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்து களத்தில் விழுந்தது. கன்று அசையவில்லை. குப்பாயி அதன் வாயில் விரலை விட்டுச் சளியை வழித்தாள், வைக்கோலால் மூக்கைக் கிண்டினாள், கோணிச்சாக்கால் பரபரவென்று தேய்த்தாள். பிறகு அது ஒரு தும்மல் போட்டது. ரைட்டர் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார், பேனர் மூலை சரிந்து தண்ணீர் முழுக்க என் தலையில் கொட்டியது.

கடேரிக் கன்று. தாய் மாதிரியே செவலை, நெற்றியில் சுட்டி மட்டும் இல்லை. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எழ முயன்று முன்னங்காலை ஊன்றியது, மடிந்தது. மறுபடி ஊன்றியது, மடிந்தது. அவ்வளவு நேரம் அதட்டலாகவே இருந்த குப்பாயியின் குரல் உடைந்தது. "எந்திரி சாமி. எங்கண்ணு, எந்திரி" என்று கெஞ்சினாள். ஆரோக்கியமேரி மாதாவைக் கூப்பிட்டார். நான் எவரைக் கூப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவரை நான் கூப்பிட்டதில்லை.

கன்றைத் தூக்கி அதன் மூக்குக்கு எதிரே, சற்றுத் தள்ளி வைத்தார் ஆரோக்கியமேரி. மாடு கழுத்தை நீட்டியது, எட்டவில்லை. உறுமுவது போல ஒரு சத்தம் போட்டது. பிறகு பின்னங்காலைத் தூக்கி, முன்னங்காலை இழுத்து, நொண்டிக்கொண்டே எழுந்து நின்று கன்றை நக்கத் தொடங்கியது. பேனரை நாங்கள் எப்போது கீழே விட்டோம் என்று தெரியவில்லை. பார்த்தபோது கன்று தலைவரின் கூப்பிய கைகள் மேல் படுத்திருந்தது.

மருத்துவர் பைக்கில் நனைந்து வந்து சேர்ந்தார். ஊசி போட்டார், காலைத் தடவிப் பார்த்தார், எலும்புக்கு ஒன்றும் இல்லை, சுளுக்கு என்றார். இந்த நிலையில் இதை யார் மேட்டில் ஏற்றியது என்று கேட்டார். நான் பேனரைக் கழுவப் போனேன்.

மழை விட்டதும் மாட்டை ஓட்ட வேண்டும். களத்திலிருந்து மேலே போனால் ஆரோக்கியமேரி வீடு, நீளமான படிக்கட்டு. கீழே போனால் ஜீப் பாதையில் மெதுவாக ஓடைக்கரை. குப்பாயி கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆரோக்கியமேரியைப் பார்த்தாள். ஆரோக்கியமேரி என்னைப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகும், சேற்றுப் புடவையோடு நின்று, என்னிடம் கேட்டார்.

"எங்கீங்க ஓட்டட்டும்?"

அந்தக் கேள்வி எனக்கு வெட்கமாக இருந்தது. கீழே ஓட்டுங்கள் என்றேன்.

அவர் நம்பவில்லை. மாடு யாருக்குங்க என்று மெல்லக் கேட்டார். உங்களுடையது, வாரமும் உங்கள் இஷ்டம், யார் கேட்டாலும் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். குப்பாயி, அப்ப இந்தக் கன்னு என்னுதுங்க, இந்த ஈத்து எம்முறை, அதையும் எழுதிக்கங்க என்றாள். எழுதிவிட்டேன் குப்பாயி.

செயற்குழு நண்பர்களுக்கு: மூன்று நிபந்தனைகளில் இரண்டு மீறப்பட்டிருப்பதை இதன் மூலம் முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். அவற்றை நீக்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் நானே கொண்டுவருவேன். எதிர்ப்பவர்கள் ஒரு நிறைமாச மாட்டைச் செம்மநத்தத்துப் படிக்கட்டில் ஏற்றிக் காட்டிவிட்டு வந்து எதிர்க்கலாம். இன்னொரு தீர்மானமும் உண்டு, அந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய். அது படத்தில் எடுபடாது என்பது எனக்குத் தெரியும்.

அட்டைப்படத்துக்கு ஒன்று எடுத்திருக்கிறேன். ஜீப் பாதையில் மாடு நொண்டிக்கொண்டு போகிறது, முதுகுப்பக்கம்தான் தெரிகிறது. கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போவது ஆரோக்கியமேரி. மறுபடி தூறியதால் பேனரைத் தலையில் போர்த்தியிருக்கிறார், அதில் தலைவரின் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிகின்றன. முன்னால் கயிற்றைப் பிடித்திருக்கும் பச்சை குத்திய கைக்கு இந்த முறை முகமும் இருக்கிறது. அவர் பெயர் குப்பாயி, படத்துக்குக் கீழே போட்டுவிடுங்கள்.